கீழ் அறையில் தண்ணீர்

"ஐயோ, தண்ணி வருது!" என்று கத்தினார் அவர்.

மேலேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "வந்தா வரட்டும். நீங்க மேல வாங்க."

அவர் அசையவில்லை. அச்சகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். வேலை போன நாளிலிருந்து, வீட்டுக்கு அடியில் இருந்த அந்த அறையே கதி என்று கிடந்தார். சாப்பாடு படியில் வரும். தட்டு படியில் திரும்பும். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை.

மழை பிடித்ததும்தான் கொஞ்சம் உயிர் வந்தது. கட்டிலையும் நாற்காலியையும் செங்கல் மேல் ஏற்றினார். வெளித்தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னலுக்குப் பலகை அடித்து, தண்ணீரோடு வெளிச்சத்தையும் சேர்த்துத் தடுத்தார். இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும்.

அந்தப் பலகை இடுக்கிலிருந்துதான் இப்போது தண்ணீர் வழிந்தது.

மணல் மூட்டையை அண்டை கொடுத்தார். மூட்டை வாய் பிளந்தது. மணல் ஓடிப்போய்த் தரையிலிருந்த வடிகாலை அடைத்தது. கம்பியால் குத்தினார், கம்பி பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீரை இறைக்கப் பம்பைப் போட்டார். 'டப்'பென்றது. விளக்கும் கூடவே போனது.

"ஃபியூஸ் போயிடுச்சு!"

"இருட்டுல என்னங்க பண்றீங்க? வந்துடுங்களேன்."

"இதையும் விட்டுட்டா நான் எதுக்குத்தான் லாயக்கு?"

பதிலுக்குத் தண்ணீரின் வேகம்தான் கூடியது.

போன் போட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் டார்ச்சோடு இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெளிப்பக்கம் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று போனார்.

அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இருட்டில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். வேலையைத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. ஒரு அறையைக் கூடவா?

பிளம்பர் திரும்பி வந்து, படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா, எங்க ஓட்டை? இந்தப் பாழாப்போன மழை நிக்கவே நிக்காதா?"

பிளம்பர் தலையைச் சொறிந்தார்.

"மழை நேத்தே விட்டுடுச்சு சார். அம்மாதான் செடிக்குத் தண்ணி விடற பைப்பை உங்க ஜன்னல்ல சொருகிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. 'இப்பவாவது மேல வருவாரா, இன்னும் கொஞ்சம் திறக்கணுமா'ன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."