எல்லாம் ஒரே வரியா வருது

"தம்பி, நீர் அனுப்பிற காத்துச் செய்தி எல்லாம் ஒரே வரியா வந்து கிடக்குது. எங்க காத்து முடியுது, எங்க அலை தொடங்குது எண்டு விளங்கேல்லை."

தொலைபேசியில் பேசியவர் ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த மாக்கிறட் அன்ரி. றொசாந்தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மன்னார்க் கரை மீனவர்களுக்குக் காலைதோறும் காற்றையும் அலையையும் ஐஸ் விலையையும் கைபேசிக்கு எழுதி அனுப்புவது அவன் வேலை. கந்தோரில் வேலைக்கு இருந்தது அவன் ஒருவன்தான். செய்தி வரும் இலக்கம் கந்தோருடையது, சந்தேகம் இருந்தால் அதற்கே அழைத்துக் கேட்கலாம். இதுவரை யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

"ஒரே வரியாவோ அன்ரி? எனக்கு நாலு வரியாத்தானே வந்தது."

"எனக்கு அப்பிடி இல்லை. அது சரி, சாப்பிட்டனீரோ?"

"ஓம், சாப்பிட்டனான்."

"என்ன கறி?"

கடைப் பார்சலுக்குள் இருந்தது என்ன கறி என்று அவனுக்கே நிச்சயமில்லை. "மீன்தான்" என்றான். அதற்கு மேல் பத்து நிமிடம் மீனைப் பற்றியே பேச்சு நடந்தது.

அவனுடைய அம்மாவும் தங்கையும் இன்னும் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தார்கள். சொந்த ஊரான பெரியமடுவில் காணியைப் பார்க்கவென்று அவர்களுக்கு முன்னால் வந்தவன், வேலை கிடைத்ததும் மன்னார்த் தீவுக்கு வந்து தோட்டவெளியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். செய்தி போகும் பட்டியலின் கடைசியில் தன் இலக்கத்தையும் சேர்த்திருந்தான். சரிபார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுடைய கைபேசி ஒரு நாளில் ஒலிப்பது அந்த ஒரு தரம்தான்.

அப்படிப்பட்டவனுக்கு முதல் முறையாக ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. விடுவானா?

அவன் நிரல் எழுதப் படித்தவன் அல்ல. செய்தி அனுப்பும் செயலியில் நிரல் எழுதவும் தேவையில்லை. கணினித் திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுப்பதுபோல ஒரு கோட்டை இழுத்துவிட்டால் வேலை நடக்கும். ஒரு பெட்டியில் செய்தி, ஒரு பெட்டியில் இலக்கங்கள், இரண்டும் போய்ச் சேரும் பெட்டி அனுப்பிவிடும்.

மாக்கிறட் அன்ரியின் போன் பழசாக இருக்கும், வரி உடைவது அதற்கு விளங்கவில்லை என்று முடிவுசெய்தான். இணையத்தில் தேடியபோது, வரி உடையவேண்டிய இடத்தில் ஒரு சாய்ந்த கோடும் ஆங்கில 'என்' எழுத்தும் போடச் சொல்லியிருந்தது. போட்டான். பெட்டியோ அதை உத்தரவாக எடுக்கவில்லை, எழுத்தாகவே எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை மீனவர் தாவூது காக்கா அழைத்தார்.

"தம்பி, காத்து தென்மேற்கு எண்டு போட்டிட்டு அடியில 'என்' போட்டிருக்கிறீர். 'என்' எண்டால் வடக்கெல்லோ? காத்து தென்மேற்கோ வடக்கோ?"

"தென்மேற்குத்தான் காக்கா. அது வந்து..."

"அலைக்கும் 'என்' கிடக்கு. சரி, அலையும் வடக்கெண்டு வைப்பம். ஐஸ் விலைக்கும் போட்டிருக்கிறீரே, ஐஸும் வடக்கால வருதோ?"

அன்று கரையில் பாதிப்பேர் தெற்கே போனார்கள், மீதிப்பேர் போகவே இல்லை. மத்தியானம் மாக்கிறட் அன்ரி எடுத்தார்.

"இண்டைக்கும் ஒரே வரிதான் தம்பி. என்ன, குரல் அடைச்சுக் கிடக்கு? தடிமனோ?"

"இல்லை அன்ரி, காலமையிலிருந்து ஆக்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி..."

"கொத்தமல்லி அவிச்சுக் குடியும்."

அவன் கொத்தமல்லி வாங்கினான். பிறகு செயலியில் இன்னொரு பெட்டியைக் கண்டுபிடித்தான். செய்தியை வரி வரியாக வெட்டிக் கொடுக்கும் பெட்டி அது. செய்திக்கும் இலக்கங்களுக்கும் நடுவில் அதை வைத்துக் கோட்டை இழுத்தான்.

பெட்டி சொன்னபடியே வெட்டியது. ஆனால் வெட்டிய வரிகளை ஆளுக்கொன்றாகப் பங்குவைத்தது. முதலாவது வரி முதலாவது இலக்கத்துக்குப் போனது, இரண்டாவது வரி இரண்டாவது இலக்கத்துக்கு. வரிகள் முடிந்ததும் மிச்சமிருந்த எல்லாருக்கும் கடைசி வரியையே அனுப்பியது.

தாவூது காக்காவுக்கு 'காற்று தென்மேற்கு' கிடைத்தது. 'கடலுக்குப் போகவேண்டாம்' என்ற வரி கிடைத்த ஜெஸீம் கரையில் ஐஸ் விற்பவர். பிறந்த நாளிலிருந்து அவர் கடலுக்குப் போனதில்லை, அன்றும் போகவில்லை. மிச்ச ஊர் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது செய்தியின் கடைசி வரி:

'அன்புடன், றொசாந்தன்.'

"டேய், ஆரடா அந்த றொசாந்தன்?" பட்டியலில் இருந்த சுபத்திராவின் கணவர் தொலைபேசியில் கத்தினார். "விடியக் காலமை என்ர மனுசிக்கு அன்புடன் எண்டு அனுப்பியிருக்கிறாய்?"

"அண்ணை, உங்கட மனுசிக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்தான்..."

"எல்லாற்ற மனுசிமாருக்குமோ?"

றொசாந்தனின் கைபேசியும் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். அவனுக்கே அவன் அன்பு அனுப்பியிருந்தான். அழிக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காற்று மெய்யாகவே பலமாக இருந்தது. போன படகுகள் அலையைக் கண்டு திரும்பிவிட்டன. ஒரு படகை மட்டும் கயிறு கட்டி இழுத்துவர வேண்டியிருந்தது. அந்தச் செய்தி வவுனியாவிலிருந்த மேலதிகாரி சிவலட்சுமி மிஸ்ஸின் காதுக்கும் எட்டியது.

"றொசாந்தன், இது ஆக்களின்ர உயிர். இன்னொருக்கால் பிழைச்சால் இந்தச் சேவையை நிப்பாட்டிப்போடுவன்."

"விளங்குது மிஸ்."

அழைப்பு முடிந்ததும் மாக்கிறட் அன்ரி எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கும் ஒரே வரி."

"ஓம் அன்ரி, இண்டைக்கு எல்லாருக்கும் ஒரே வரிதான்."

புதிதாகச் செருகிய எல்லாவற்றையும் கழற்றி, பெட்டிகளைப் பழைய மாதிரியே வைத்தான். அடுத்த நாள் தாவூது காக்காவுக்குத் தானே அழைத்துக் கேட்டான். "வடிவா வந்திருக்கு, முந்தி வந்த மாதிரியே" என்றார் அவர். சுபத்திராவின் கணவரிடம் கேட்கத் துணியவில்லை. ஆனால் மத்தியானமே மாக்கிறட் அன்ரியின் அழைப்பு வந்துவிட்டது.

"எனக்கு இன்னும் ஒரே வரியாத்தான் வருது தம்பி. அது கிடக்கட்டும், கொத்தமல்லி குடிச்சனீரோ?"

இனிப் பெட்டிகளில் கைவைக்க அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தப் போனையே பார்த்துவிடுவோம் என்று சைக்கிளை எடுத்தான். ஓலைத்தொடுவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முற்றத்தில் அன்ரியின் கணவர் மரியதாசன் படகு இயந்திரத்தைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் காத்துச் செய்தி அனுப்பிற றொசாந்தன், ஐயா. அன்ரி நிக்கிறாவோ?"

"அட, நீர்தானோ! வாரும், இரும். அவ கோயிலுக்குப் போட்டா, இப்ப வந்திடுவா."

"அன்ரியின்ர போனை ஒருக்காப் பாக்கலாமோ?"

மரியதாசன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து நீட்டினார். போன் புத்தம் புதியது. றொசாந்தன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முதலாவது முறைப்பாடு வந்த நாளின் செய்தி இருந்தது. காற்று ஒரு வரி, அலை ஒரு வரி, ஐஸ் ஒரு வரி, அவன் பெயர் ஒரு வரி. அதற்கு முந்திய நாட்களும் அப்படியே. இன்று காலை வந்ததும் அப்படியே.

"ஐயா, இதில எல்லாம் சரியாத்தானே கிடக்கு!" அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "பிறகென்னத்துக்கு அன்ரி ஒவ்வொரு நாளும் எடுத்து, ஒரே வரியா வருதெண்டு சொன்னவ?"

மரியதாசன் அவனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"தோட்டவெளியில நீர் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி அவவின்ர சொந்தக்காரி தம்பி, உம்மோட கதைக்க ஒரு சனமும் இல்லையெண்டு சொன்னவவாம், சும்மா எடுத்தால் நீர் கூச்சப்படுவீர் எண்டுதான் ஒவ்வொரு நாளும் ஒரு பிழையைச் சொல்லி எடுத்தவ."