முயல் மனு

எனக்குக் கடிதம் எழுதத் தெரியும். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்குக் காரணம் அதுதான். எழுதத் தெரியாதவனாக இருந்திருந்தால் யாரையாவது கெஞ்சி எழுதுவித்து மானத்தோடு தப்பியிருப்பேன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒன்பது வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். அந்த அரசாங்கக் கந்தோரில் சொந்தமாக வசனம் யோசித்து எழுதுகிறவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பழைய கோப்பைத் திறந்து, முன்பு போன கடிதம் ஒன்றை எடுத்து, பெயரையும் ஊரையும் திகதியையும் மாற்றுவதுதான் முறை. கிணறு வெட்டக் கொடுத்த அனுமதியைப் பார்த்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி எழுதியிருக்கிறேன். (ஒருமுறை மட்டும் 'ஒலிபெருக்கியின் ஆழம் முப்பது அடிக்கு மேற்படலாகாது' என்று போய்விட்டது. கோயில்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.)

இந்த வித்தையோடுதான் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தேன். தென் யூட்லாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊரில் இருத்தினார்கள். மனைவி சறோவும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில். நான் புறப்பட்டு நாலு மாதத்தில் மகன் பிறந்தான். அவனை நான் படத்தில்தான் கண்டிருந்தேன். எனக்கு இருக்க அனுமதி கிடைத்த கையோடு அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்தேன். அகதிகளுக்கு உதவி செய்யும் ஒரு அம்மா, நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டெனிஷ் மொழியில் இரண்டு பக்கத்துக்கு அருமையான கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து தந்தார். அனுப்பிவிட்டுப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பதில் வரவில்லை. ஒரு மாரி போய்க் கோடை வந்தது. அப்போதும் வரவில்லை. (எங்கள் கோப்புகள் வேண்டுமென்றே அடியில் போடப்பட்டிருந்தன என்பதோ, அது பின்னாளில் 'தமிழர் வழக்கு' என்று பெயரெடுத்து ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பும் என்பதோ அப்போது யாருக்குத் தெரியும்? நான் ஒட்டிய முத்திரை காணாமல் போச்சோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.)

சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று, என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட தவமும் நானும் சேர்ந்து ஒரு தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்தோம். ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து, பயிர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. தவம் என் வயதுக்காரன், கலியாணம் கட்டாதவன், ஆகையால் எதையும் பகிடியாகப் பார்க்கக் கூடியவன். வெந்தயமும் கொத்தமல்லியும் போஞ்சியும் போட்டோம். சறோ வந்திறங்கும் அன்று என் கையால் விளைந்த வெந்தயக்கீரையைச் சமைத்துப் போடுவதென்பது என் திட்டம்.

முயல்களிடம் வேறு திட்டம் இருந்தது. தோட்டத்தின் பின்வேலிக்கு அப்பால் பைன் மரங்கள் நின்ற ஒரு மணல் மேடு. அது முழுக்க முயல் வளைகள். கீரை நாலு விரல் உயரம் வந்ததும் முயல்கள் வந்து, நாவிதர் மாதிரி ஒரே மட்டத்தில் வழித்துவிட்டுப் போயின. மூன்றாவது தரம் விதைத்தும் அதே கதை. நான் தங்கூசியில், அந்தத் தூண்டில் நைலான் நூலில், ஒரு சுருக்குச் செய்து, வேலிக்கு அப்பால், வளை வாசலில் வைத்தேன். இரண்டாம் நாள் ஒன்று விழுந்தது. தவம் அதைச் சரக்குத்தூள் போட்டுக் கறியாக்கினான்.

நாங்கள் விட்ட பிழை, அதில் ஒரு கிண்ணத்தைப் பக்கத்துத் தோட்டத்து ஊல்லாவுக்குக் கொடுத்தது. ஊல்லா சங்கத்தின் தலைவி. ஓய்வுபெற்ற தபால்காரி, எங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பவர். முழுவதையும் சாப்பிட்டு, கண்ணீரையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கு. என்ன இறைச்சி?" என்று கேட்டார். சொன்னோம். எங்கே பிடித்தோம், எப்படிப் பிடித்தோம் என்று கேட்டார். அதையும் பெருமையாகச் சொன்னோம்.

ஊல்லா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மேடு யென்ஸின்ரை காணி. அவனைக் கேக்காமல் அங்கை ஒரு முயலையும் தொடேலாது. அதிலும் சுருக்கு! இந்த நாட்டிலை சுருக்கு வைக்கிறது குற்றம்."

"குற்றமெண்டால்?"

"பொலிஸ்."

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கொப்பனேகனில் எங்கோ ஒரு அலுமாரியில் கிடக்கும் என் கோப்பைத் திறந்து ஒருவர் சிவப்பு மையால் 'முயல் கள்ளன்' என்று எழுதுவது கண்ணில் தெரிந்தது. அதோடு சறோவும் பிள்ளைகளும் வந்தபாடுதான்.

"யென்ஸ் ஒவ்வொரு நாளும் விடிய நாயோடை அந்த மேட்டிலை நடக்கிறவன். உன்ரை நூலை இதுக்கிடையிலை கண்டிருப்பான்" என்றார் ஊல்லா, ஆறுதலாக. "பொலிஸுக்குப் போக முந்தி நீயே போய்ச் சொல்லு. அதோடை சங்கத்துக்கும் ஒரு உதவி செய். கீரி மாதிரி ஒரு பிராணியை வளைக்குள்ளை விட்டு, வாசலிலை வலை கட்டி முயல் பிடிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார். அது சட்டப்படி சரி. ஆனால் காணிக்காரன்ரை அனுமதி எழுத்திலை வேணும். நான் ரெண்டு தரம் கேட்டு, ரெண்டு தரமும் மாட்டனெண்டிட்டான். வேலிச் சண்டை, பழைய கோபம். நீ கந்தோரிலை கடிதம் எழுதின ஆளெல்லே?"

எழுதின ஆளெல்லே! அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அன்று பின்னேரமே மேசையில் குந்தினேன். எனக்கு டெனிஷ் படிப்புத் தொடங்கி எட்டு மாதம். என்னிடம் இருந்த ஒரே டெனிஷ் கடிதம் சறோவுக்காக எழுதியது. அதுவும் அனுமதி கேட்கிற கடிதம், இதுவும் அனுமதி கேட்கிற கடிதம். கச்சேரி ஒழுங்குப்படி முதல் பந்தியை மாற்றினேன். 'மனைவி', 'பிள்ளைகள்' என்று வந்த இடமெல்லாம் ஒன்றுவிடாமல் 'முயல்கள்' என்று போட்டேன். 'யாழ்ப்பாணம்' என்ற இடத்தில் 'உங்கள் காடு'. நடுப்பந்திகள் நீளமாக, பாதி விளங்காமல், மிக மரியாதையாகத் தோன்றின. மரியாதையில் கை வைக்கக் கூடாது என்பதும் கச்சேரி ஒழுங்கு. அப்படியே விட்டேன்.

தவம் எட்டிப் பார்த்தான். "மச்சான், ஒரு முயலுக்கு ரெண்டு பக்கமோ?"

"உனக்கு உத்தியோகக் கடிதத்தைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் போ."

இப்போது எனக்கு டெனிஷ் தெரியும். அந்தக் கடிதத்தின் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன்:

'தங்கள் காட்டில் வசிக்கும் முயல்களைப் பிடிப்பதற்கு இத்தால் அனுமதி கோருகிறேன். தவிர்க்க முடியாத காரணத்தால் நான் முயல்களைப் பிரிந்து வர நேர்ந்தது. அன்று தொட்டு முயல்களின் நினைவு என்னை விட்டு அகலவில்லை. மூத்த முயல் விரைவில் பாடசாலை செல்லும் வயதை அடையும். இளைய முயலை நான் இன்னும் நேரில் கண்டதில்லை. முயல்கள் வந்து தங்குவதற்கு இரண்டு அறைகள் உள்ள வீடு ஆயத்தமாக உள்ளது. முயல்கள் டெனிஷ் மொழியைக் கற்றுக்கொள்ளும் என்றும், அரசுக்குப் பாரமாக இருக்க மாட்டா என்றும் உறுதியளிக்கிறேன்.'

இதை எடுத்துக்கொண்டு, தவத்தின் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் இரவல் வாங்கிக் கட்டி, கோட்டுப் பைக்குள் அந்தத் தங்கூசிச் சுருக்கையும் வைத்துக்கொண்டு (சாட்சியத்தை நானே ஒப்படைத்தால் தண்டனை குறையுமாம் என்று தவம் சொல்லியிருந்தான்) சைக்கிளில் யென்ஸின் பன்றிப் பண்ணைக்குப் போனேன்.

யென்ஸ் வாசல் நிலைக்குக் குனிந்து வரவேண்டிய உயரம். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. குசினி மேசையில் என்னை இருத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாசித்தார். பாதியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கடிதத்தை. பிறகு என் கழுத்துப்பட்டியை.

"எத்தனை முயல்?" என்று கேட்டார்.

"கனக்க. நாற்பது இருக்கும்."

"நாற்பதுக்கும் ரெண்டு அறை காணுமோ?"

எனக்கு 'நாற்பது' மட்டும் விளங்கியது (மிச்சத்தைப் பின்னாளில் யென்ஸ் சொல்லித்தான் அறிந்தேன்). விளங்காவிட்டால் சிரித்துக்கொண்டு 'யா' சொல்லு, டெனிஷ்காரருக்கு அது பிடிக்கும் என்று தவம் பழக்கியிருந்தான். "யா, யா" என்றேன்.

"மூத்தது பள்ளிக்கூடம் போகப் போகுதோ?"

பள்ளிக்கூடம் என்ற சொல் தெரியும். என் மொழி வகுப்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "செவ்வாயும் வியாழனும்" என்றேன்.

யென்ஸின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முகம் மட்டும் அப்படியே இருந்தது. கோபத்தில் நடுங்குகிறார் என்று எண்ணி எனக்கு வியர்த்தது. அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் குலுக்கம் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, ஒரு வரியில் விரலை வைத்து, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார்.

'முயல்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு நாளும் ஷெல் விழுகிறது. அவற்றுக்கு ஏதும் நடக்க முன்பு என்னிடம் வந்து சேர உதவும்படி தாழ்மையாக வேண்டுகிறேன்.'

அந்த வசனத்தை நான் அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"இது முயலைப் பற்றி இல்லை" என்றார் யென்ஸ். "ஆரைப் பற்றி?"

சொல்ல டெனிஷ் வரவில்லை. பேர்ஸைத் திறந்து படத்தை மேசையில் வைத்தேன். சறோ கதிரையில் இருக்கிறாள், மடியில் மகன், பக்கத்தில் மகள். அவர்களைக் காட்டி 'என் குடும்பம்' என்று சொல்ல வாயெடுத்தேன். "முயல்கள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து, சுருக்கை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

உண்மையில் அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பாதி சொல்லாலும் பாதி கையாலும் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"உன்ரையோ இது? இதுக்குள்ளை மாட்டினால் உடனை சாகாது, தெரியுமோ? விடிய விடியக் கிடந்து துடிக்கும். இனி ஒருக்கால் என்ரை கண்ணிலை பட்டால் பொலிஸுக்கு நானே சொல்லுவன்."

"இப்ப?"

"இப்ப இருந்து கோப்பியைக் குடி. கையை மடக்கு."

கத்தரிக்கோலால் சுருக்கை நாலாக வெட்டி அடுப்புக்குள் போட்டார். பிறகு என் கடிதத்தின் அடியில் எழுதினார்: 'வலைக்கும் கீரிக்கும் அனுமதி உண்டு. சுருக்குக்கு இல்லை.' பேனையை மூடப் போனவர் மறுபடி திறந்து, அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எனக்கு வாசித்துக் காட்டினார். விளங்கும்வரை மூன்று தரம் வாசித்தார்.

'இந்தக் கடிதத்தில் சொல்லப்பட்ட மற்றவர்களும் வரலாம். என் பக்கத்தில் ஒரு தடையும் இல்லை.'

நான் கோப்பிக் கோப்பைக்குள் நன்றாகக் குனிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அனுமதிக் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்பது விதி. தபால்காரியாக முப்பது வருடம் மற்றவர் கடிதத்தைத் திறக்காமல் ஆவலை அடக்கி வைத்திருந்த ஊல்லா, அன்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரத்து வாசித்தார். முதல் பக்கத்தில் கூரை பறந்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சரிந்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டப் படலையில் ஒரு பை தொங்கியது. உள்ளே சின்னப் பிள்ளைகள் பனிக்குப் போடும் சப்பாத்து ஒரு சோடி. 'இளைய முயலுக்கு' என்று ஒரு துண்டு. அதற்கடுத்த வாரம் ஒரு கம்பளிச் சட்டை, ஒரு தொட்டில், ஒரு மூன்று சில்லுச் சைக்கிள். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியாது. "மச்சான், அடுத்த கடிதத்திலை எனக்கும் ஒரு பெண்முயல் கேட்டு எழுது" என்றான் தவம்.

அரசாங்கத்தின் அனுமதி அடுத்த வருடம்தான் வந்தது. அதற்குள் அந்தச் சப்பாத்து மகனுக்குச் சின்னதாகிவிட்டது. ரயில் நிலையத்துக்கு யென்ஸ்தான் தன் காரில் என்னைக் கூட்டிப் போனார். சறோ இறங்கினாள். மகள் என்னை அடையாளம் கண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தாள். மகன் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். யென்ஸ் அந்த உயரத்திலிருந்து முழங்காலில் இறங்கி, அவனிடம் ஏதோ கேட்டார்.

"இந்தாள் பிள்ளையிட்டை என்னவாம்?" என்றாள் சறோ. மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு அவள் நேரில் கதைத்த முதல் வசனம்.

"இளைய முயல் நீயோ எண்டு கேக்கிறார்."

"என்ரை பிள்ளையை ஏன் முயலெண்டுறார்?"

"நான்தான் எழுதிக் குடுத்தனான்."

இப்போது பிராண்டே என்ற ஊரில் இருக்கிறோம். இத்தனை வருடமாகியும், சன்னல் வைத்த அரசாங்கக் கடித உறை ஒன்று கதவுத் துளையால் விழும் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவேன். குடும்பக் கோப்பில் முதல் தாளாக நான் வைத்திருப்பது அரசாங்கத்தின் அனுமதி இல்லை. யென்ஸினுடையது. என் பெண்சாதி பிள்ளைகள் இந்த நாட்டுக்குள் வரலாம் என்று முதலில் எழுத்தில் சொன்னவர் அவர்தான்.

போன மாதம் மகன் படிப்புக்காகக் கொப்பனேகன் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் அறை எடுக்கப் போகிறேன் என்று ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து, பிணை நிற்கும் இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்க, பொறுமை போய், தோளுக்கு மேலால் குனிந்து டெனிஷில் சொன்னான்.

"ஃபார், டேர் எர் இங்கன் கனீனர்."

அப்பா, இதிலை முயல் ஒண்டும் இல்லை. குசினிக்குள் சறோ சிரிப்பது கேட்டது.

கையெழுத்தை வைத்தேன். வைக்க முந்தி, கடைசிப் பக்கத்தை இன்னொருக்கால் பார்த்துக்கொண்டேன்.