ஏழு பதிவுத் தபாலும் ஒரு கார்டும்

பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் மனத்தாங்கலாக இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும். பைபிளில் உள்ள விதி இவ்வளவுதான். தபாலில் சமாதானமாகலாம் என்று உட்பிரிவு எதுவும் இல்லை. காரைக்காலில் இந்த விதியை ‘ரிமைண்டர்’ அளவுக்கு மதித்தவரும் இல்லை, அவர் அளவுக்குச் சொதப்பியவரும் இல்லை.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை; ரிமைண்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். மின்விசிறி ஓடவில்லை என்று கடிதம் எழுதி, அது ஓடத் தொடங்கிய பிறகும் மூன்றாம் நினைவூட்டலை அனுப்பியவர். கேட்டால், “சரியாயிடுச்சுன்னு எழுத்துல வரலையே சார்” என்பார்.

அவருடைய அம்மா இறந்தபோது, அடக்கம் மாலை நாலு மணி என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார். நாகப்பட்டினத்திலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணன், கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு போன் செய்தார்.

“தம்பி, இருபது நிமிஷம்டா. மொகத்தைப் பாத்துக்கிறேன், மூடிடாத.”

“நோட்டீஸ்ல நாலுன்னு போட்டாச்சுண்ணே. சாமியாரும் வந்து நிக்கிறாரு.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து “நாலு ஆயிடுச்சு” என்று சொன்னவனும் நான்தான். பெட்டியை மூடினார்கள். அண்ணன் வந்தபோது மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அன்றோடு தம்பியுடன் பேச்சை விட்டார்.

அன்றிலிருந்து ரிமைண்டர் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. கிறிஸ்மஸ் பூசையில் கடைசி வரிசையில் கைகட்டி நிற்பார். நான் முன்னால் போய் வாங்கிக்கொண்டு வருவேன். விதியில் சகோதரன் என்றுதானே இருக்கிறது, ரிமைண்டரின் அண்ணன் எனக்குச் சகோதரன் இல்லையே.

நேரில் போவதற்குப் பதில், டிசம்பர்தோறும் அண்ணனுக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினார். ‘பொருள்: மன்னிப்புக் கோருதல். பார்வை: எனது சென்ற ஆண்டுக் கடிதம்.’ ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும்; அதைக் கோப்பில் தைத்து வைப்பார். பதில் வராது. அலுவலகமே சிரித்தது.

“பஸ் ஏறுனா முக்கா மணி நேரம். போய்க் கால்ல விழுங்களேன்” என்றார் பங்குச் சாமியார்.

“பதில் வராம நேர்ல போனா அத்துமீறல் ஆயிடும் சாமி.”

சென்ற டிசம்பரில் ஏழாவது கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். பார்வையில் ஆறு கடிதங்கள், அதற்குக் கீழே நாலு பக்கம். மணி சொன்னவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

“என் பேரை ஏன் எழுதல?”

“நீங்க மணிதான சார் சொன்னீங்க. மூடச் சொன்னது நான்.”

அவர் போனபின், அவருடைய அண்ணனுக்கு நான் ஒரு போஸ்ட்கார்டு போட்டேன். நாலு ஆகிவிட்டது என்று சொன்னவன் நான். உங்கள் தம்பி ஆறு கிறிஸ்மஸாக நற்கருணை வாங்கவில்லை. வேறெதுவும் எழுதவில்லை.

பதில், கார்டாகவே ரிமைண்டருக்கு வந்தது.

“நீ அனுப்புன ஏழு கவரும் பிரிக்காம பீரோவுல கெடக்கு. ஒன் சிநேகிதர் போட்டது கார்டு, பிரிக்க வேண்டியதில்லை, படிச்சிட்டேன். நீயே வந்து ஏழையும் படிச்சிக் காட்டு. நடுவுல நான் திட்டுவேன், கேட்டுக்க. அவரையும் கூட்டிக்கிட்டு வா. அவருக்கும் கொஞ்சம் வச்சிருக்கேன்.”

ரிமைண்டர் கார்டை என்னிடம் நீட்டினார்.

“இதுக்குப் பதில் எழுதிட்டுத்தான் போகணுமா சார்?”

கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. பஸ்ஸில் சன்னலோர இடத்தை அவருக்கு விட்டேன். கார்டு வந்தது டிசம்பர் இருபத்தாறு; ஏழாவது கிறிஸ்மஸும் அவருக்கு நற்கருணை இல்லாமல் முந்தின நாளே முடிந்திருந்தது.