ஆறாம் பிரிவு

"யோவ் கமா! என்னைப் பார்த்தா விளையாட்டுப் பிள்ளை மாதிரியா இருக்கு?"

மேலாளர் போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது. கமா என்பது, அலுவலகக் கணினிக் கட்டளைகளுக்குக் கைநூல் எழுதுகிறவரின் பட்டப்பெயர். கட்டளைகளை எண் போட்ட பிரிவுகளில் அடுக்க வேண்டும்: ஒன்று எல்லாருக்கும், எட்டு நிர்வாகிகளுக்கு, ஆறு விளையாட்டுகளுக்கு. எட்டில் போக வேண்டிய 'நிலவரம்' கட்டளையைக் கமா ஆறில் போட்டுத் தொலைத்திருந்தார். யார் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் கட்டளை அது. அதைப் பார்த்துத்தான் மேலாளர் மூன்று வருடமாகப் பதவி உயர்வே கொடுக்கிறார். கமாவை நிரந்தரமாக்கும் உத்தரவும் இன்று மாலை அவர் கையெழுத்துக்குப் போகிறது.

வெட்கம் பிடுங்கித் தின்ன, கமா அதை எட்டுக்கு மாற்றினார்.

அரை மணி நேரத்தில் விற்பனைப் பிரிவு அக்கா வந்து நின்றார். "ஏம்ப்பா, நிர்வாகிகளுக்கு மட்டும்னு போட்டிருக்கே? எங்க சதவீதத்தை நாங்க பார்க்கக் கூடாதா? எதை மறைக்கிறீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா!"

ஒன்றுக்கு மாற்றினார். உடனே கணினி நிர்வாகி பாய்ந்து வந்தார். "ஊருக்கே திறந்து விட்டுட்டியா? அப்புறம் நான் எதுக்கு இங்க?"

எதற்கு வம்பு என்று ஒன்று, எட்டு இரண்டிலும் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து கோபித்துக்கொண்டார்கள்.

போதாக்குறைக்கு, 'நிலவரத்தை விளையாட்டுப் பிரிவில் போட்டதற்கு மன்னிக்கவும்' என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் தட்டிவிட்டார். அதுவரை விஷயமே தெரியாத முந்நூறு பேருக்கும் தெரிந்துபோனது. மாடிக்கு மாடி சிரிப்பு. மானம் கப்பலேறிவிட்டது. மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது கமாவுக்கு.

மேலாளர் காலரைப் பிடிக்காத குறையாக அவரைக் கூட்டிக்கொண்டு போனார். "அந்தக் கட்டளையை எழுதின மனுஷன்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேளு. அப்புறம்தான் கையெழுத்து."

எழுதியவர், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மூலைக்கார அண்ணன். கமாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, பெரிய தப்பு பண்ணிட்டேன். உங்க உழைப்பைப் போய் விளையாட்டுன்னு போட்டுட்டேன். எனக்கே கேவலமா இருக்கு. மன்னிச்சிடுங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கமாவைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார்.

"சரியாத்தானே போட்டிருந்தே தம்பி? பொழுது போகாம எழுதினது அது, சதவீதமெல்லாம் சும்மா பகடை உருட்டிப் போடும்... ஏன், யாராவது நம்பிட்டாங்களா?"