மெதுவாகத் திறக்கும் படங்கள்

"இன்னும் சுத்துதோ?" என்று குசினிக்குள் சமையலில் இருந்த நாகேஸ்வரி கேட்டாள்.

"சுத்துது," என்றார் குலேந்திரன்.

கணினித் திரையில் சின்ன நீல வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் உஷாந்திக்கு அடுத்த மாதம் கலியாணம். ரொறொன்ரோவில் இருந்து அவளும் மாப்பிள்ளையும் கொழும்புக்கு வருகிறார்கள். வரவேற்பு மண்டபத்தில் பெரிய திரையில் காட்ட, அவள் பிறந்ததிலிருந்து உள்ள படங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தாள். படங்கள் அத்தனையும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குள் இருந்தன.

போன கிழமை கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. குலேந்திரன் வாசிக்காமலே 'ஓம்' என்று அமத்தினார். அன்றிலிருந்து டிஸ்க் ஆமை போல ஊரத் தொடங்கியது.

காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். துறைமுகத்தில் கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் வேலை. கப்பல் வர முதலே ஃபோன் அடிக்கும். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாலும் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஃபோன் கிடக்கும். மனைவியோடு அவர் கதைப்பது, "கதவு பூட்டியாச்சோ", "கரண்ட் பில் வந்ததோ" என்ற அளவில் எப்போதோ சுருங்கிவிட்டது.

முதலில் டிஸ்கைக் கணினியின் பின்பக்கத்தில் சொருகிப் பார்த்தார். அதற்காக மேசையை இழுத்ததில் இன்டர்நெட் வயர் கழன்றது. டிஸ்க் அப்படியே ஊர்ந்தது, மகளோடு கதைப்பதும் நின்றது.

வயரைத் திரும்பப் பொருத்தியதும் உஷாந்தி வழி சொன்னாள். "அப்பா, அது எல்லா ஃபைலையும் எண்ணிக்கொண்டு இருக்கும். இண்டெக்சிங்கை நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினார். வேகம் கூடவில்லை. ஆனால் அதுவரை பெயரைத் தட்டினால் வந்துகொண்டிருந்த படங்கள், இப்போது எந்தப் பெயரைத் தட்டினாலும் வரவில்லை.

"வைரஸைத் தடுக்கிற கார்டையும் கொஞ்சத்துக்கு நிப்பாட்டிப் பாருங்கோ."

அதையும் நிப்பாட்டினார். உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்புப் பெட்டி ஒன்று திரையின் மூலையில் எழும்பியது. மூட மூடத் திரும்ப எழும்பியது.

கடைசியில் அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, படங்களின் சின்ன உருவங்கள் தெரியாதபடி செய்தார். அத்தோடு எல்லாப் படமும் ஒரே மாதிரி வெறும் பெட்டியாகிவிட்டது. எது யாருடைய படமென்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒன்று திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.

"இஞ்சரும், கொஞ்சம் வந்து இரும்," என்றார். "உம்மட உதவியில்லாமல் இது முடியாது."

நாகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

படம் ஒன்று மங்கலாக வந்தது. பச்சையும் சிவப்புமாகக் கலங்கிய நிறங்கள்.

"பின்னுக்குப் பச்சை. விகாரமாதேவி பூங்கா," என்றாள் அவள்.

"இல்லை, உம்மட அண்ணன்ர வீட்டு முற்றம்."

"அண்ணன் வீட்டில எங்க புல்லு? எல்லாம் சீமெந்து."

படம் தெளிந்தது. பூங்காதான். ஊஞ்சலில் உஷாந்தி, முன்பல் இல்லாமல் சிரித்தாள்.

"பல்லு எப்ப விழுந்தது?"

"அண்டைக்குக் காலமைதான். பல்லைக் கடுதாசியில சுத்திக் கையில வச்சிருக்கிறாள், பாருங்கோ. உங்களுக்குக் காட்ட வேணுமெண்டு. நீங்கள் வரேக்க அவள் படுத்திட்டாள்."

குலேந்திரன் திரைக்குக் கிட்டவாகக் குனிந்தார். மூடிய சின்னக் கைக்குள் கடுதாசியின் நுனி தெரிந்தது.

அடுத்தது பாடசாலை நாடகம். உஷாந்தி மரமாக நின்றாள்.

"இதுக்கு நான் வந்தனான் தானே?"

"வரேல்லை. கப்பல் ஒண்டு பிந்தி வந்ததெண்டு சொன்னீங்கள். மரத்துக்கு வசனம் இல்லையாம் எண்டு அழுதாள். பிறகு ரீச்சரிட்டக் கெஞ்சி ஒரு வசனம் வாங்கினாள்."

"என்ன வசனம்?"

நாகேஸ்வரி சொன்னாள். "எனக்கும் குளிருது." இருவரும் சிரித்தார்கள். அவர்தான் கொஞ்சம் முந்தி நிறுத்தினார்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. பிறந்தநாள், தேர், முதல் சைக்கிள். ஒன்றிலும் அவர் இல்லை. ஒவ்வொரு படமும் தெளிய எடுத்த நேரத்தில் நாகேஸ்வரி அந்த நாளைச் சொல்லி முடித்தாள். அவளுக்கு இவ்வளவு கதை இருந்தது அவருக்குத் தெரியாது. ஃபோன் ஒருமுறை அடித்தது. பார்த்துவிட்டுக் குப்புற வைத்தார்.

ஆனாலும் கலியாணத் திகதி நெருங்கியது. டிஸ்கையும் கேபிளையும் பாமன்கடையில் கணினி திருத்தும் றேமண்டிடம் கொடுத்தார். அடுத்த நாள் சந்தைக்குப் போன நாகேஸ்வரி திரும்பும் வழியில் வாங்கி வந்தாள். சொருகிப் பார்த்தார். முன்னைப் போலவே ஊர்ந்தது.

"இந்த றேமண்ட் என்னத்தைத் திருத்தினவன்?"

"அவன் பாவம், ஏலுமானதைச் செய்திருப்பான். வாங்கோ, விட்ட இடத்தில இருந்து பாப்பம்."

அதன்பிறகு குலேந்திரன் பொழுதுபட முன்னரே வீட்டுக்கு வரத் தொடங்கினார். அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு, "வீட்டில டிஸ்க் ஒண்டு ஸ்லோ," என்றார். கலியாணத்தில் அப்பாவும் பேச வேண்டும் என்று உஷாந்தி கேட்டபோது எதைப் பேசுவதென்று தெரியாமல் விழித்தவருக்கு, இப்போது எதை விடுவதென்று தெரியவில்லை.

கலியாணத்துக்கு முந்திய கிழமை, அழைப்பிதழ் கொடுக்கிற சாட்டில் றேமண்டின் கடைக்குள் ஏறினார். கோபம் வடிந்திருந்தாலும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

"றேமண்ட், குறை நினைக்க வேண்டாம். நீர் திருத்தித் தந்த டிஸ்க் இன்னும் அப்படியேதான் இருக்குது."

றேமண்ட் லாச்சியை இழுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த புதுக் கேபிள் ஒன்றை மேசையில் வைத்தான்.

"பழைய கேபிள்தான் சேர் பிரச்சினை, இதைப் போட்டு அன்னைக்கே சரியாக்கிட்டேன். மேடம்தான், கலியாணம் முடியிற வரைக்கும் பழசே இருக்கட்டும்னு மாத்தி வாங்கிட்டுப் போனாங்க."