முறை மாத்துனவன்

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான் வந்தது. தலைக்கனம் அதைவிட அதிகமாக வந்தது. (படிப்பு சீக்கிரமே மறந்துபோனது. மற்றது போக நாளாயிற்று.)

எண்பதுகளின் கடைசி. ராயபுரத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் மீனவர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்துக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. செருப்போடு வந்தால் தலைவரையே வாசலில் நிறுத்துவேன்.

ஒருநாள் அதே நிறுவனம் தபாலில் புது டாஸ் பிளாப்பிகளை அனுப்பியது. (டாஸ் என்றால் கம்ப்யூட்டரை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம்.) விருப்பமிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரிக் கடிதம்.

மாற்றுவதா, வேண்டாமா? பழையது நன்றாகத்தான் ஓடியது. புதியது மக்கர் பண்ணினால்? ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. உலகமே என் முடிவுக்காகக் காத்திருப்பதாக நினைப்பு. கடைசியில் துணிந்து, உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டுமே என்று தூய தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதிப் படகுத்துறையில் ஒட்டினேன்:

"நாளை முதல் பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறை அமலுக்கு வரும்."

ஆபரேட்டிங் சிஸ்டத்தை 'முறை' என்று தமிழாக்கிவிட்ட பூரிப்பு எனக்கு. எங்கள் ஏரியில் முறை என்றால் ஒன்றுதான். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற பாடு. அதற்காக மண்டைகள் உடைந்திருக்கின்றன. (மீனவர் வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.)

விடிந்தபோது நான்கு ஊர் ஆட்கள் சங்க வாசலில். ஒரு படகும் ஏரியில் இறங்கவில்லை. முன்னால் நின்றவர் என் அப்பா, நைனா. நல்ல இறால் படும் இடத்தில் அன்றைக்கு அவருடைய பாடு. இருபது நாள் காத்திருந்து வந்தது.

"இன்னாடா இது? எங்க முறைய மாத்த நீ யாருடா?"

"நைனா, அது கம்ப்யூட்டரோட முறை..."

"கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்குடா பாடு? அது வலை போடப் போவுதா?"

விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. போன பாடு போனதுதான், மறுநாள் அடுத்தவருக்கு. நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையே வந்தது. பிளாப்பிகளை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஊர் எனக்கு 'முறை மாத்துனவன்' என்று பேர் வைத்தது. இரண்டு வருஷம் கழித்துச் சுண்ணாம்புக்குளத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா நைனாவை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. புள்ள முறை மாத்துனவருன்னு பேசிக்கிறாங்க. அவரு சேத்துக்கினு இருந்த பொண்ணு இன்னா முறை வேணும்? தங்கச்சியா, சித்தியா?"

"சேச்சே, பொண்ணெல்லாம் இல்லீங்க" என்றார் நைனா. "கம்ப்யூட்டரு."

பெண்ணின் அப்பா முகம் இன்னும் கலவரமானது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்று, அவள்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறாள்.