நான் அடித்த அரசாங்கப் படிவம்

முப்பத்தோரு வருடம் நகர மன்ற அலுவலகத்தில் படிவங்கள் தயாரிக்கும் பிரிவில் இருந்தவன் நான். குப்பைத் தொட்டி கேட்டாலும் சரி, தெருவில் கொடி கட்ட அனுமதி கேட்டாலும் சரி, என் படிவத்தை நிரப்பாமல் எங்கள் ஊரில் ஒருவரும் அசைய முடியாது. அப்பேர்ப்பட்ட ட்ரெவர் ஆர்மராட்டால், ஒரே ஒரு படிவத்தைக் காட்டித் தன் மனைவியை ஏமாற்ற முடியாதா என்று யோசித்தேன். இந்தக் கதையில் என் பங்கு அந்த யோசனை மட்டும்தான். மற்றதெல்லாம் என் மனைவி லொரெய்னின் பங்கு.

மார்ச் மாதம் ஓய்வு பெற்றேன். ஏப்ரலில் காரில் கட்டி இழுக்கிற ஒரு சக்கர வீடு, அதாவது கேரவன், வாங்கி வாசலில் நிறுத்தினேன். செப்டம்பரில் கிளம்பி வேல்ஸ் கடற்கரையில் இஷ்டத்துக்குக் கிடப்பது என்பது திட்டம். தடையாக இருந்தவர்கள் ஆறு பேர். மூத்தவருக்கு நாலு வயது.

என் மனைவி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்கிறாள். இருபது வருடமாக. காலை ஏழரைக்கு மணி அடித்தால் எங்கள் ஊரான பர்ன்லியில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். என் நாற்காலி ஆல்ஃபி என்கிற இரண்டு வயதுக்காரர் வசம் இருக்கிறது. என் செருப்பில் காலை விட்டால் பாதி வாழைப்பழம் இருக்கிறது. "வேல்ஸ்" என்று ஆரம்பித்தால் லொரெய்ன், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பாள். அந்த அடுத்த வருடம் எனக்கு ஐம்பது வயதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

பிள்ளைகளால் அவள் ஒரு நாளும் சலித்ததில்லை. சலிப்பு காகிதத்தால்தான். டயப்பர் மாற்றினால் அரசாங்கத்துக்கு ஒரு பதிவு. தூங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. முட்டி சிராய்த்தால் மனித உருவப் படத்தில் பெருக்கல் குறி போட்டுப் பெற்றோர் கையெழுத்து. பூங்காவுக்குப் போவதென்றால் முன்கூட்டியே ஆபத்து மதிப்பீடு. ஒருமுறை எட்டிப் பார்த்தேன். "வாத்து: நடுத்தர ஆபத்து" என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் காகிதக் கோப்பைத் தொப்பென்று போட்டுவிட்டு, இன்னும் ஒரே ஒரு படிவம் வந்தாலும் தொழிலுக்கு முழுக்குப் போடுவேன் என்று சபதம் செய்வாள்.

அந்த ஒரே ஒரு படிவத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலையில் தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் சட்டையில் ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். எல்லோரிடமும் லொரெய்ன் கேட்டது ஒன்றுதான். எத்தனை படிவம் குறைப்பீர்கள்? பாதி என்றார் ஒருவர். முக்கால்வாசி என்றார் அடுத்தவர். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மனிதர் திரும்பிப் போகும்போது ரிப்பன் பூவில் பாதிதான் இருந்தது.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆகிவிட்டது. ஆகவே சாயங்காலம் மட்டும் வருகிற பெரிய பிள்ளைகளும் காலையிலேயே வந்து சேர்ந்தார்கள். மக்களாட்சி எங்கள் கூடத்தில் சோபாவின் மேல் ஏறிக் குதித்தது. நான் சமயம் பார்த்து விதை போட்டேன். எந்த அரசு வந்தாலும் காகிதம் கூடத்தான் செய்யும் என்றேன். புது அமைச்சருக்குத் தான் வந்துவிட்டதை ஊருக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு புதுப் படிவத்தை விட்டால் வேறு வழி என்ன என்றேன்.  லொரெய்ன் முகம் வாடியது. எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. வேல்ஸை நினைத்ததும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை புது அரசு அமைந்தது. சனிக்கிழமை தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து நான் படிவம் அடித்தேன்.

நாற்பது பக்கத்தில் ஒரு பூதத்தை உருவாக்குவதாகத்தான் எண்ணம். ஆனால் கை கேட்க வேண்டுமே? ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்க மனம் வரவில்லை. டயப்பர், தூக்கம், சாப்பாடு, முட்டி நான்கையும் ஒரே அட்டவணையில் அடக்கிவிட்டேன். டிக் போடக் கட்டம், பேனா தாராளமாக நுழையும் அளவில். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மூன்றே பக்கம், பார்க்கப் பார்க்க அழகு. என் வாழ்நாளில் இப்படி ஒரு படிவம் செய்ததில்லை என்று விளக்கருகே தூக்கிப் பிடித்து மறுபடி மறுபடி பார்த்தேன். பயத்துக்கு ஒரு பிடியாவது இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு பகுதி சேர்த்தேன்: "பகலில் வீட்டில் இருக்கும் வயதுவந்தோரின் பெயரும் அன்றாடக் கடமைகளும்." எந்த அலுவலகத்தின் பெயரும் போடவில்லை. போட்டால் அது குற்றம், நான் கனவான். "புதிய நடைமுறை" என்று மட்டும் தலைப்பு. நான்காம் பக்கத்தில் தொழில் வழக்கப்படி "இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது" என்று அச்சிட்டேன்.

திங்கள் மதியம் முன்வாசல் கதவிலுள்ள தபால் துவாரம் வழியாக உறையை உள்ளே தள்ளிவிட்டு, சந்து சுற்றிப் பின்வாசல் வழியே வந்து உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு மீன் வறுவல் வைத்துக்கொண்டிருந்த லொரெய்ன் உறையைப் பிரித்து நின்றபடியே படித்தாள்.

"ட்ரெவர்."

"சொல்லும்மா."

"வெள்ளிக்கிழமை வந்த கவர்மென்ட்டு திங்கக்கிழமையே ஃபாரம் அனுப்பிருச்சே."

"சுறுசுறுப்பான ஆளுங்க போலருக்கு."

"பழைய ஆளுங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். பதில் வர பதினோரு மாசம் ஆச்சு."

"அதான் தோத்துட்டாங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அவ்வளவுதான். இனிமே என்னால தனியா முடியாது. செப்டம்பரோட ஒரு முடிவு கட்டிருவோம்."

நான் ஆறுதலாக அவள் தோளைத் தட்டினேன். தோட்டத்துக்குப் போய், கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சின்ன ஆட்டம் போட்டேன்.

அந்த இரண்டு மாதமும் நான் ராஜா. கேரவன் சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். வேல்ஸ் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தே வைத்தேன். ஒரு நாள் லொரெய்ன் அந்த வரைபடத்தின் மேலேயே ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தாள். செப்டம்பர் விஷயமாக அனுப்ப வேண்டியவை, வீட்டில் இருப்பவர் கையெழுத்தும் வேண்டுமாம்.

"படிச்சுப் பாத்துப் போடு ட்ரெவர். நீதான் படிக்காமப் போட மாட்டியே," என்றாள்.

படிக்கச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறாள் லொரெய்ன். மடியில் ஆல்ஃபி, மனதில் கடற்கரை. முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாகப் படிக்காமல் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஒரு சனி ஞாயிறு முதலுதவி வகுப்புக்கு அனுப்பினாள். கேரவனில் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூரத்தில் இருப்பார்கள், நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். இரண்டு நாளும் ஒரு ரப்பர் பொம்மையின் வாயில் மூச்சு ஊதினேன். பொம்மை ஏன் கைக்குழந்தை அளவில் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். பெரிய பொம்மைகள் தீர்ந்து போயிருக்கும் என்றாள். அடுத்த வாரம் எனக்குக் குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழ் வந்தது. கேரவன் நிறுத்துமிடத்தில் இப்போதெல்லாம் இதைக் கேட்கிறார்களாம். நல்ல நடைமுறை என்று பாராட்டினேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், குழந்தை பார்க்கும் வீடுகளைச் சோதிக்கிற அரசாங்க ஆய்வாளர் வந்தார். மிஸஸ் விட்டேக்கர் என்று பெயர். சிரிப்பை அளந்து விடுகிற அம்மாள். கடைசி ஆய்வு, மரியாதையாக வழியனுப்பி வைப்போம் என்று நான் சட்டை மாற்றிக்கொண்டேன். அந்த அம்மாள் குழந்தை நாற்காலியில் குந்தி உட்கார்ந்து, கோப்பைத் திறந்தார். உள்ளே என் படிவம். ஜூலையிலிருந்து ஒவ்வொரு நாளும் லொரெய்ன் அதில்தான் எழுதியிருக்கிறாள்.

மிஸஸ் விட்டேக்கர் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எத்தனையோ வீடு பாத்திருக்கேன். இவ்வளவு தெளிவா ஒரு ஃபாரத்தை எங்கயும் பாத்ததில்ல. யாரு போட்டது இது?"

லொரெய்ன் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பிழைத்தேன். எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருடத்தில் ஒரு ஜீவனும் என் படிவத்தைத் தெளிவு என்று சொன்னதில்லை. படிவத்தைத் திட்டித்தான் எழுதுவார்கள், பெரும்பாலும் அந்தப் படிவத்திலேயே.

"நான்தாங்க," என்றேன்.

"அப்ப நீங்கதான் அந்த உதவியாளரா? ரொம்ப சந்தோஷம்."

"எந்த உதவியாளர்?"

மிஸஸ் விட்டேக்கர் திறந்திருந்த கோப்பை என் பக்கம் திருப்பினார். உதவியாளராக இருக்கச் சம்மதம் என்று ஐந்து இடத்தில் என் கையெழுத்து. குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ். காவல் துறைச் சான்றிதழ். அதற்கும் கீழே, நான் பயமுறுத்துவதற்காகச் சேர்த்த அந்தப் பகுதியில், லொரெய்னின் குண்டு கையெழுத்து: "பெயர்: ட்ரெவர் ஆர்மராட். கடமைகள்: கதவு திறத்தல், டயப்பர், மூக்குத் துடைத்தல், பூங்கா, வாத்து, அனைத்துக் காகிதங்களும்." உதவியாளர் இருப்பதால் திங்கள் முதல் கூடுதலாக மூன்று கைக்குழந்தைகள் வருவதற்கும் தடையில்லை என்றார். புது அரசு காகிதத்தைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, எப்போது என்று தனக்குத் தெரியாது, அதுவரை இந்த வீட்டுக்குக் கவலையில்லை என்று சொல்லி என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கடைசிப் பக்கத்தைப் பாத்ததுமே. காலிப் பக்கத்துல காலின்னு எழுதி வைக்கிற ஆம்பளை இந்த ஊர்ல ஒருத்தன்தான். நம்ம கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடியே போட்டிருந்தியே."

"முடிவு கட்டலாம்னியே?"

"கட்டிட்டேனே. தனியா முடியாதுன்னுதான் சொன்னேன்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "இருபது வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் காகிதத்தோட அழுதிருக்கேன். நீ பக்கத்து ரூம்ல குப்பைத் தொட்டிக்கு ஃபாரம் போட்டுட்டிருந்த. என்னை ஏமாத்தணும்னு நினைச்சப்பதான் எனக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுத்திருக்க. அதை விட்டுருவனா?"

 எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஊரில் இந்தத் தொழில் செய்கிற மற்றப் பெண்களும் இப்போது என் படிவத்தைக் கேட்டு வாசலுக்கு வருகிறார்கள். லொரெய்ன் மகாராணி போல நின்று பிரதி கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் இப்போது பாட்டுப் பாடுகிறாள்.

ஆனாலும் வேல்ஸ் வேல்ஸ்தானே. போன வாரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறவர்கள் விடுப்பு வேண்டுமென்றால் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும் என்றாள். ஆஹா, என்னிடமா என்று கொட்டகைக்குள் புகுந்தேன். ஒரே பக்கத்தில், யாரும் குறை சொல்ல முடியாத ஒரு விடுப்புப் படிவம் அடித்தேன். நிரப்பிக் கையெழுத்திட்டுச் சமையலறை மேசையில் வைத்தேன்.

மறுநாள் காலை என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் அது திரும்பி வந்திருந்தது. சிவப்பு மையில் இரண்டு வரி: "நீங்கள் இல்லாத நாட்களில் டயப்பர் மாற்றப்போகிறவர் பெயர் குறிப்பிடப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது."